வகையும் வழுவும்

‘அவன் வந்தது’ என்று யாரேனும் எழுதினால், அது பிழை என்று சொல்ல நமக்கு இலக்கண நூல் வேண்டியதில்லை. எழுவாய் உயர்திணை, பயனிலை அஃறிணை. இரண்டும் பொருந்தவில்லை என்பதை நம் காதே சொல்லிவிடும். இத்தகைய பிழைகளைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழுக்களாக நன்னூலார் பகுத்திருக்கிறார். சொற்களுக்கு வகை உண்டு. வகைகளுக்கிடையே பொருத்தம் உண்டு. பொருத்தம் தவறினால் அது வழு. இந்த எண்ணம் தமிழருக்குப் புதிதன்று. கணிப்பொறி மொழிகளில் ‘டைப்’ என்று வழங்குவதும் இதே எண்ணந்தான். அதை இங்கே ‘வகை’ என்றே குறிப்பிடுகிறேன்.

வகை பார்க்கும் மொழியில் எழுதும் ஒருவர், வகை பாராத மொழியில் பிறர் எழுதி வைத்த திரையுறுப்புகளை எடுத்தாள விரும்புகிறார் என்று கொள்வோம். அவர் அவ்விரண்டையும் எங்ஙனம் பிணைக்கிறார்? பிணைக்கும் இடத்தில் எங்கே ஏமாறுகிறார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதைப் பற்றி எழுத எனக்குப் பெரிய தகுதி ஒன்றும் இல்லை. ஏமாந்தவன் என்ற தகுதி உண்டு. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

வகை பாராத மொழி

இன்று நாம் உலவியில் காணும் பக்கங்களில் பெரும்பாலானவற்றை இயக்குவது ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழி. 1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் உருவாக்கினார். எளிய பக்கங்களில் சிறு வேலைகளைச் செய்வதற்கென்று பிறந்த மொழியாதலால், வகை பற்றி அது கண்டிப்புக் காட்டுவதில்லை. எழுத்தாக எழுதிய 5 என்பதுடன் எண்ணாகிய 3-ஐக் கூட்டச் சொன்னால் 53 என்று விடை தரும். அதே எழுத்திலிருந்து 3-ஐக் கழிக்கச் சொன்னால் 2 என்று தரும். கூட்டும்போது எழுத்தாகவும், கழிக்கும்போது எண்ணாகவும் அதுவே கொண்டுவிடுகிறது. ‘இது வழு’ என்று சொல்லி வேலையை நிறுத்துவதில்லை.

பத்து வரி எழுதும்போது இதனால் பெரிய கேடில்லை. பல்லாயிரம் வரிகளைப் பலர் சேர்ந்து எழுதும்போது, ஓரிடத்தில் நுழைந்த வழு வேறோரிடத்தில், வேறொரு நாளில், பயன்படுத்துபவரின் கையில் வெடிக்கிறது. இதற்கு மாற்றாக 2012-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழியை வெளியிட்டது. 2013-இல் ஃபில் ஃப்ரீமன் என்பவர், ஹாஸ்கெல் மொழியின் வழியைப் பின்பற்றி, பியூர்ஸ்கிரிப்ட் என்ற மொழியைத் தொடங்கினார். இவ்விரண்டிலும் எழுதியதை முடிவில் ஜாவாஸ்கிரிப்டாகவே மாற்றுகிறார்கள். அங்ஙனம் மாற்றித் தரும் கருவியைக் கம்பைலர் என்பர். மாற்றுமுன் அது ஒவ்வொரு தொடரையும் வகை நோக்கிப் பார்க்கிறது. ‘அவன் வந்தது’ என்றிருந்தால் வழு என்று சுட்டுகிறது. வகைகள் பற்றிய வேலை அவ்வளவில் முடிந்தது. ஓடும்போது எஞ்சுவது வெறும் ஜாவாஸ்கிரிப்ட்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

பிணைப்பு என்பது யாது?

வீடு கட்டுகிறவர் கதவையும் சன்னலையும் தாமே அறுத்து இழைப்பதில்லை. செய்து வைத்ததை வாங்கிப் பொருத்துகிறார். திரை அமைப்பவர்களும் அப்படித்தான். பொத்தான், எழுதும் பெட்டி, நாட்காட்டி, அட்டவணை ஆகிய உறுப்புகளைப் பிறர் செய்து, லைப்ரரி என்ற பெயரில் களஞ்சியமாகத் தொகுத்து வைத்திருக்கின்றனர். ஃபேஸ்புக் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ரியாக்ட் என்னும் லைப்ரரியின் அடித்தளத்தில் மட்டும் எண்ணற்ற களஞ்சியங்கள் எழுந்துள்ளன. இவற்றுள் எதையும் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து அழைத்துப் பயன்படுத்தலாம்.

பியூர்ஸ்கிரிப்டில் எழுதுகிறவருக்கு இரண்டு வழிகளே உள்ளன. எல்லா உறுப்புகளையும் புதிதாகத் தாமே செய்வது ஒன்று; ஆயுள் போதாது. இருப்பதைப் பிணைத்துக்கொள்வது மற்றொன்று. பிணைப்பு என்பது சில வரிகளே கொண்ட ஓர் அறிவிப்பு: ‘அயலே இந்தப் பெயரில் ஒரு செயற்கூறு உண்டு, அதற்கு ஓர் எண்ணும் ஓர் எழுத்துத் தொடரும் தர வேண்டும், அது ஒரு திரையுறுப்பைத் திருப்பித் தரும்.’ பியூர்ஸ்கிரிப்டில் இவ்வறிவிப்பு ‘ஃபாரின் இம்போர்ட்’ என்ற சொற்களோடு தொடங்கும். அதாவது, அயலிலிருந்து இறக்குமதி! பக்கத்திலேயே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இருக்கும். உண்மையான வேலை அதனுள் நடக்கும்.

டைப்ஸ்கிரிப்டிலும் இதற்கு நிகரானது உண்டு. பிறர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளுக்கு வகை விவரங்களை மட்டும் தனியே எழுதிச் சேர்க்கும் டெஃபினிட்லி டைப்டு என்ற பொதுத் தொகுப்பு 2012-இல் தொடங்கியது. லைப்ரரியை ஆக்கியவர் ஒருவர், அதன் வகைகளை எழுதியவர் வேறொருவர் என்பது அங்கே சாதாரணம்.

கொச்சியில் ஒரு சான்று

இவையெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடப்பவை என்று எண்ண வேண்டாம். 2021-இல் கொச்சிப் பெருநகரப் போக்குவரத்து ஆணையம், கொச்சித் திறந்த போக்குவரத்து வலைப்பின்னல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெக்கன் என்னும் பொது நெறிமுறையை அடிப்படையாகக் கொண்டது அது. அதன் வழியே வாடகைக் கார் அழைக்க ‘யாத்ரி’ என்ற செயலி இந்நகருக்கு வந்தது. ஆக்கியவர்கள் பெங்களூரின் ஜஸ்பே நிறுவனத்தார். அவர்களே 2022-இல் பெங்களூரில் ஆட்டோ ஓட்டுநர்களுக்காக ‘நம்ம யாத்ரி’யைத் தொடங்கி, அதன் மூலநிரலை எவரும் படிக்கும்படி வெளியிட்டனர். பின்னணி வேலைகள் ஹாஸ்கெலிலும், நம் கையில் தெரியும் திரைகள் பியூர்ஸ்கிரிப்டிலும் எழுதப்பட்டவை. பட்டப்படிப்பில் இம்மொழிகளை ‘ஏட்டுச் சுரைக்காய்’ என்று நான் ஒதுக்கியதுண்டு. நகரத்துத் தெருவில் ஆட்டோவை அழைக்க அவை பயன்படுவதைப் பார்த்த பிறகே அவ்வெண்ணம் மாறியது.

அத்திரைகள் ப்ரெஸ்டோ டாம் என்னும் உறுப்புத் தொகுதியால் ஆனவை. எழுத்தைக் காட்டும் உறுப்பு, படத்தைக் காட்டும் உறுப்பு, பிற உறுப்புகளை வரிசையாக அடுக்கும் உறுப்பு எனப் பல அதில் உள்ளன. இவற்றின் பின்னால் இருப்பவை ஜாவாஸ்கிரிப்டும் கைப்பேசியின் சொந்தத் திரையுறுப்புகளுமே. முன்னால் நிற்கும் பியூர்ஸ்கிரிப்ட் அறிவிப்புகளைப் பாருங்கள். ஓர் உறுப்பின் அகலத்தை வெறும் எண்ணாகவோ எழுத்தாகவோ தர முடியாது. ‘தாயுறுப்பின் அகலம் முழுதும்’, ‘உள்ளே இருப்பதற்கு வேண்டிய அளவு’, ‘இத்தனை அலகு’ என்ற மூன்றில் ஒன்றாகத்தான் தர வேண்டும். அடுக்கும் திசை கிடையாகவோ நெடுக்காகவோதான் இருக்கலாம். ‘நெடுக்கு’ என்பதை எழுத்துப்பிழையோடு எழுதினால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். வகை பாராத மொழியில் அதே எழுத்துப்பிழை, ஓட்டுநரின் கைப்பேசியில் திரை கோணலாகத் தெரியும்வரை எவருக்கும் தெரியாது.

நமக்கு இனிக்கும் செய்தி ஒன்றும் அந்நிரலில் உண்டு. திரையில் வரும் தொடர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இட்டு, அப்பெயர்களை ஒரே வகையாகத் தொகுத்திருக்கிறார்கள். ஆங்கிலம், கன்னடம், மலையாளம், தமிழ் என மொழிக்கொரு கோப்பு. புதிய தொடர் ஒன்றைச் சேர்த்துவிட்டு, தமிழ்க் கோப்பில் மட்டும் அதை எழுத மறந்தால் என்ன ஆகும்? ‘இன்ன பெயருக்கு விடை இல்லை’ என்று கம்பைலர் மறுத்துவிடும். தமிழை மறந்துவிடாதே என்று யந்திரமே நினைவூட்டும்படி எழுத முடிகிறது!

கம்பைலர் நம்பும் ஒரே இடம்

இத்தனை கண்டிப்பான கம்பைலர் ஓரிடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறது. அது பிணைப்பு அறிவிப்பு. ‘அயலே உள்ள செயற்கூறு எண்ணைத் தரும்’ என்று நான் எழுதினால், அப்பெயரில் ஒன்று ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் இருக்கிறதா என்று மட்டும் பியூர்ஸ்கிரிப்டின் கம்பைலர் பார்க்கும். அது தருவது எண்தானா என்று பாராது, பார்க்கவும் இயலாது. என் வாக்கை அப்படியே ஏற்று, அதன்மேல் மற்ற கணக்கையெல்லாம் கட்டுகிறது.

நான் குடியிருக்கும் மட்டாஞ்சேரியின் கடைத்தெருவில் மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் இன்றும் ஒருங்கே ஒலிக்கின்றன. இத்தகைய துறைமுக ஊர்களில் முற்காலத்தில் துபாஷிகள் இருந்தனர். வெளிநாட்டு வணிகருக்கு உள்ளூர் மொழி தெரியாது. உள்ளூராருக்கு அவர் மொழி தெரியாது. இருவரும் தத்தம் பக்கத்தில் எவ்வளவு கவனமாகக் கணக்கு எழுதினாலும், நடுவே நின்ற துபாஷி ‘பத்து’ என்பதை ‘இருபது’ என்று சொல்லிவிட்டால் இரண்டு கணக்கும் பாழ். பிணைப்பு எழுதுகிறவரும் ஒரு துபாஷியே. அவருடைய வாக்கைச் சோதிக்க அங்கே வேறு எவரும் இல்லை.

நான் செய்த பிழை

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில் சலவைத் துறை ஒன்று உண்டு. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டதாகச் சொல்லப்படும் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே தொழில் செய்கிறார்கள். அவர்களுள் ஒரு பெரியவர் என் குடும்பத்துக்கு வேண்டியவர். பல விடுதிகளின் துணிகள் ஒரே நாளில் வந்து குவிந்தாலும், ஓரத்தில் மையால் இட்ட சிறு குறியைப் பார்த்து இன்னாருடையது என்று பிரித்துவிடுவார். வகை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அவருடைய நோட்டுப் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு சிறு திரையைச் செய்து தருகிறேன் என்று நானாகவே முன்வந்தேன். பியூர்ஸ்கிரிப்டில் எழுதினேன். நாள் குறிக்க ஒரு நாட்காட்டி உறுப்பைப் பிணைத்தேன். அது ஆண்டு, மாதம், நாள் என்ற மூன்று எண்களைத் தரும். மூன்றையும் ‘முழு எண்’ என்று அறிவித்தேன். கம்பைலர் ஒரு குறையும் சொல்லவில்லை.

முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ‘இன்று’, ‘நாளை’ என்ற பொத்தான்களே போதுமானவையாக இருந்தன. அவை என் சொந்த எழுத்து. பிறகு ஒரு விடுதியிலிருந்து 80 படுக்கை விரிப்புகள் வந்தன. மார்ச் 12 காலையில் வேண்டும் என்றார்கள். அன்றுதான் நாட்காட்டி உறுப்பு முதன்முதலில் பயன்பட்டது. பெரியவர் மார்ச் 12-ஐத் தொட்டார். திரையிலும் மார்ச் 12 என்றே தெரிந்தது.

ஜாவாஸ்கிரிப்டின் நாட்கணக்கில் மாதங்கள் 0-இலிருந்து தொடங்கும். ஜனவரி 0, மார்ச் 2, டிசம்பர் 11. சி மொழியின் காலத்திலிருந்து ஜாவா வழியாக வந்த பழக்கம் அது. நான் பிணைத்த உறுப்பும் அதையே பின்பற்றியது. மார்ச்சுக்கு அது தந்த 2 என்ற எண்ணை என் நிரல் பிப்ரவரி என்று படித்தது. பிப்ரவரி 12 கடந்துபோன நாள் அல்லவா? ஆகவே அந்த 80 விரிப்புகளும் ‘கொடுத்து முடிந்தவை’ என்ற பட்டியலுக்குப் போய்விட்டன. படிவத்தில் நாளைத் திருப்பிக் காட்டியதும் அதே உறுப்பு ஆதலால், அது 2-ஐ மீண்டும் மார்ச் என்றே காட்டியது. பார்த்தவர் எவருக்கும் ஐயம் எழவில்லை.

மார்ச் 12 விடியற்காலையில் விடுதி ஆட்கள் வண்டியோடு வந்தபோது மூட்டை அவிழ்க்கப்படாமல் கிடந்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் தம் வேலையை நிறுத்திவிட்டுக் கை கொடுத்தன. நானும் போய் நின்றேன். விரிப்புகளை முறுக்கிய கயிற்றில் செருகி உலர்த்தக் கற்றுக்கொண்டேன். மாலைக்குள் கொடுத்துவிட்டோம். ஆனாலும் அந்த விடுதி அடுத்த மாதம் தன் துணிகளை வேறிடத்தில் போட்டது. அந்த வரும்படி பெரியவர் வீட்டுக்குச் சிறு தொகையன்று.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, துணியிலே நாங்க போட்ட குறி ஒண்ணும் மாறல. உன் பெட்டிக்குள்ளதான் ஏதோ மாறிப்போச்சு. இனிமே பழைய நோட்டையும் கூடவே எழுதி வச்சுக்கறேன். மனசுல வச்சுக்காதே” என்றார். கடிந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வகை சரி, பொருள் தவறு

இதில் நோக்கத்தக்கது ஒன்று உண்டு. நான் அறிவித்த வகை பொய்யன்று. மாதம் உண்மையிலேயே முழு எண்ணாகத்தான் வந்தது. ஆனால் ‘எந்தக் கணக்கில் எண்?’ என்ற செய்தி அவ்வகையில் இல்லை. உலகறிந்த சான்று ஒன்றைச் சொல்கிறேன். 1999 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவின் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய காலநிலை ஆய்வுக் கலம் அழிந்தது. உந்துவிசைக் கணக்கைத் தந்த நிரல் பவுண்டு அலகில் தந்தது. வாங்கிய நிரல் நியூட்டன் அலகு என்று கொண்டது. இரு பக்கமும் எண்தான். எண்ணுக்குள் எண் பொருந்தத்தான் செய்தது. அலகு பொருந்தவில்லை. ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாட்டோடு கணக்கு நடந்தது. கலம் செவ்வாயை அளவுக்கு மீறி நெருங்கிவிட்டது. அவர்களுக்குக் கலம் போயிற்று. பெரியவருக்கு ஒரு விடுதி போயிற்று. நோய் ஒன்றே.

நான் கற்றவை

இதன்பின் பிணைப்பு எழுத உட்காரும்போதெல்லாம் நான் கைக்கொள்ளும் சில நெறிகளை நம் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, பொருளுக்கு வகை தருதல். மாதத்தை எண் என்று சொல்லாமல் மாதம் என்றே சொல்ல வேண்டும். பியூர்ஸ்கிரிப்டின் நாட்கணக்கு நூலகத்தில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு பெயர்களை மட்டுமே கொண்ட ‘மாதம்’ என்ற வகை ஆயத்தமாகவே இருக்கிறது. அயலிலிருந்து வரும் எண்ணைப் பிணைப்புக்குள்ளேயே அதற்கு மாற்றிவிட வேண்டும். வாயிலைத் தாண்டி வெற்றெண் உள்ளே வரலாகாது.

இரண்டாவது, இன்மையை ஒப்புக்கொள்ளுதல். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு மதிப்பு வரவேண்டிய இடத்தில் ‘நல்’ என்னும் வெறுமை வரக்கூடும். பயனர் நாளைத் தேர்ந்தெடுக்காமலே பெட்டியை மூடிவிட்டால் என்ன வரும்? பியூர்ஸ்கிரிப்டில் ‘மேபி’ என்ற வகை இதற்கென்றே உள்ளது: ஒன்று மதிப்பு இருக்கும், அன்றேல் ஒன்றும் இராது; இரண்டுக்கும் விடை எழுதினாலன்றிக் கம்பைலர் விடாது. வரும் என்று உறுதியாகத் தெரியாததை ‘வரும்’ என்று அறிவிப்பது பொய்ச் சாட்சி சொல்வதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, உள்ளீடுகளின் எண்ணிக்கை. பியூர்ஸ்கிரிப்டின் செயற்கூறு உள்ளீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பெறும். இரண்டில் ஒன்றை மட்டும் தந்தால் மற்றொன்றுக்காகக் காத்திருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான செயற்கூறோ எல்லாவற்றையும் ஒருமிக்க எதிர்பார்க்கும். குறைந்தால் குறைந்ததோடு ஓடிவிடும். இவ்வேறுபாட்டுக்கென்று தனி வகைகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

நான்காவது, வழுவமைதியை அளவோடு வைத்தல். அன்பு மிகுதியால் பசுவை ‘அம்மா வருகிறாள்’ என்று சொன்னால், அது வழுவாயினும் காரணம் கருதி இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. டைப்ஸ்கிரிப்டில் ‘எனி’ என்ற வகையும் அத்தகையதே: ‘இதைச் சோதிக்காதே, விட்டுவிடு’ என்பது அதன் பொருள். அவசரத்துக்கு ஓரிடத்தில் இட்டால் மன்னிக்கலாம். தொட்டதற்கெல்லாம் இட்டால் அது வழுவமைதியன்று, வழுவே.

ஐந்தாவது, வாயிலில் சோதனை. வகைகள் ஓடும்போது இருப்பதில்லை என்று முன்பே சொன்னேன். அதனால் கம்பைலர் ஏற்றதோடு நின்றுவிடாமல், தெரிந்த மதிப்பு ஒன்றை உறுப்பின் வழியே செலுத்தி, மறுபக்கம் என்ன வருகிறது என்று கண்ணால் காண வேண்டும். மார்ச் 12-ஐத் தேர்ந்தெடுத்து, உள்ளே வந்தது மார்ச்தானா என்று ஒரே ஒருமுறை நான் பார்த்திருந்தால் போதும். லைப்ரரியின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் இச்சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். ஏனெனில் உறுப்பு மாறினாலும் நாம் எழுதிய அறிவிப்பு தானே மாறாது. பழைய வாக்கையே சொல்லிக்கொண்டிருக்கும்.

முடிவாக ஒன்று. வகையுள்ள மொழி நம்மை எல்லாப் பிழையிலிருந்தும் காக்கும் என்று எண்ணியே நான் அதைக் கற்றேன். அது காக்கத்தான் செய்கிறது. ஆனால் நாம் மெய் சொன்ன அளவுக்கே காக்கிறது. நண்பர்களுள் பலர் நாளை வேலைக்குச் சென்று, இத்தகைய பிணைப்புகளைப் பிறருக்காக எழுதுவீர்கள். அவற்றின் மறுமுனையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரோ சலவைத் தொழிலாளியோ இருப்பார். உங்கள் கம்பைலரை அவர் கண்டதில்லை. உங்கள் வாக்கை நம்பியே பொத்தானை அழுத்துவார்.

என் திரையைத் திருத்திவிட்டேன். பெரியவர் இப்போது அதையும் பார்க்கிறார், நோட்டிலும் எழுதுகிறார். நோட்டை அவர் கைவிடும் நாள் வரும் என்று நம்புகிறேன். அதுவரை, வாரம் ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பது என் வேலை.